கூட்டா, சீட்டா: காது மெஷினின் புரோகிராம்கள் சத்தத்தில் என்ன செய்கின்றன?

போன ஆவணியில் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தோம். என் இடப்பக்கம் சகலை. அன்றைக்குக் காது மெஷினில் 'சத்தமான இடம்' என்ற புரோகிராமைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். புரோகிராம் என்பது, இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒலியைக் கையாள மெஷினில் முன்கூட்டியே வைத்துக் கொடுக்கும் செட்டிங். சாப்பாட்டுக்கு நடுவில் சகலை என் பக்கம் சாய்ந்து ஒன்று கேட்டார். "கூட்டு வந்துச்சா?" என்று என் காதில் விழுந்தது. "வந்துச்சு, நல்லா இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்து இடது கையால் என் தோளைத் தட்டினார்.

அவர் கேட்டது "சீட்டு வந்துச்சா?" என்று. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா என்று விசாரித்திருக்கிறார். பந்தி முடிவதற்குள் நாலு பேர் அவளிடம் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். கவுன்சலிங் முடிவுக்காகக் காத்துக்கொண்டு இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல் இருந்த பிள்ளை, மண்டப வாசலில் நின்று அழுதாள்.

மெஷின் கெட்டுப்போயிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். கெடவில்லை. அந்த புரோகிராம் எதற்காக எழுதப்பட்டதோ அதைத்தான் செய்திருக்கிறது. எதிரே சாம்பார் வாளியோடு நின்ற பையனின் குரலைத் தெளிவாகக் கொடுத்தது. பக்கத்தில் இருந்த சகலையின் குரலைக் குறைத்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஆறு வருடமாக இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் புரோகிராம் என்றால் என்ன என்று யாரும் எனக்கு உட்கார்ந்து விளக்கியதில்லை. மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ என்னைப் போல பட்டனை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூட்டு, சீட்டு விஷயம். வயதாலோ நீண்ட நாள் சத்தத்தாலோ கேட்கும் திறன் குறையும்போது பெரும்பாலும் உயர் அதிர்வெண்கள்தான், அதாவது கீச்சென்ற ஒலிகள்தான், முதலில் போகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ் அதிர்வெண்களில், ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சீட்டில் வரும் ச போன்ற உரசொலியின் பலமோ 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அது மெல்லிய ஒலியும்கூட. க, த, ப போன்றவை கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து அடங்கிவிடும். ஆகவே குரல் கேட்கும், சொல் புரியாது. 'சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியல' என்று நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வது இதைத்தான்.

ஈ, ஊ என்ற உயிரொலிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டுக்கும் அடிப்பகுதி ஒலி ஏறத்தாழ ஒன்றுதான். ஈயை ஈயாக்குவது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் இரண்டாவது ஒலித்திரள், அதாவது ஒலியின் பலம் குவிந்திருக்கும் இரண்டாவது இடம். அது கேட்காவிட்டால் ஈ ஊவைப் போலவே ஒலிக்கும். சகலையின் 'சீ' என் காதில் 'கூ' ஆனது இப்படித்தான். மிச்சத்தை மூளை இடம் பார்த்து நிரப்பிக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூட்டு என்பதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

அமைதியான அறையில் கருவி அந்த உயர் ஒலிகளைப் பெருக்கிக் கொடுத்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. சத்தத்தில் ஏன் தீரவில்லை என்றால், உள்காதில் இருக்கும் மயிரணுக்கள் ஒலியைக் கூட்டிக் கொடுப்பதோடு நிற்பதில்லை. பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைப் பிரித்தும் காட்டுகின்றன. அவை சேதமானால் சல்லடையின் கண்கள் அகன்றுபோன மாதிரி. பேச்சும் இரைச்சலும் ஒரே ஓட்டையில் விழுகின்றன. எவ்வளவு பெருக்கினாலும் இரண்டும் சேர்ந்தே பெருகும். நல்ல காது உள்ளவருக்குப் பேச்சும் இரைச்சலும் சம அளவில் இருந்தாலே போதும், ஓரளவு பிடித்துக்கொள்வார். நமக்குப் பேச்சு இரைச்சலைவிட இன்னும் சில டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) மேலே நிற்க வேண்டும். சிலருக்கு 10 டெசிபல்வரைகூட. அந்தச் சில டெசிபலை எங்கிருந்தாவது சம்பாதித்துக் கொடுப்பதுதான் சத்தத்துக்கான புரோகிராமின் வேலை. அதைச் சம்பாதிக்க அது எதையாவது விற்க வேண்டியிருக்கிறது. எதை விற்கிறது என்று தெரியாமல் இரண்டு புரோகிராம்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது திசை மைக். இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில், காதுக்குப் பின்னால் உட்காரும் அந்தச் சின்ன உடலில், முன்னும் பின்னுமாக இரண்டு மைக்குகள் இருக்கின்றன. இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். பின்னாலிருந்து வரும் ஒலி பின் மைக்கை முதலில் தொட்டு, பிறகு முன் மைக்குக்கு வருகிறது. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், அந்த ஒரு சென்டிமீட்டரைக் கடக்க விநாடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு நேரம் ஆகும். பின் மைக்கின் ஒலியைச் சரியாக அவ்வளவு நேரம் தாமதப்படுத்தி, முன் மைக்கின் ஒலியிலிருந்து கழித்துவிட்டால், பின்னாலிருந்து வந்தது பெரும்பாலும் காணாமல் போகும். முன்னாலிருந்து வந்தது தங்கும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கழித்தல் கணக்குதான், ஆனால் எவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

நிஜ வாழ்க்கையில் இதனால் 3 முதல் 5 டெசிபல்வரை கிடைக்கலாம். எண் சின்னதாகத் தெரியும். ஆனால் பேச்சு விளங்குவதற்கும் விளங்காததற்கும் நடுவில் உள்ள சரிவு செங்குத்தானது. ஒவ்வொரு டெசிபலும் கணிசமான சொற்களை மீட்டுக் கொடுக்கும். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில், என் முதுகு கூட்டத்தைப் பார்க்க, மகன் எனக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்து பேசினால், திசை புரோகிராமில் முக்கால்வாசி பேச்சு விளங்குகிறது. பொது புரோகிராமில் பாதிகூடத் தேறவில்லை. வேறெந்த செட்டிங்கும் எனக்கு இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தந்ததில்லை.

ஆனால் அது ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: நீங்கள் யார் பேச்சைக் கேட்க விரும்புகிறீர்களோ அவர் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறார் என்ற அனுமானம். மேசைக்கு இருபுறமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஊருக்கு அது பொருந்தும். நம் பந்தியோ ஒரே வரிசை. பேசுகிறவர் எப்போதும் பக்கத்தில். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸிலும் அப்படித்தான், 20 சொச்சம் கிலோமீட்டரும் என் மனைவி ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில். ஸ்கூட்டரில் போனால் பேசுகிறவர் பின்னால். எனக்கு முதலில் வைத்துக் கொடுத்த புரோகிராம் தவறானதல்ல, என் வாழ்க்கைக்கு அளவெடுக்காத சட்டை. சில கருவிகளில், குறிப்பாக விலை கூடியவற்றில், பேச்சு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மைக்கைத் திருப்பும் வசதி இருக்கிறது. இரண்டு கருவிகளும் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, இடப்பக்கக் குரலை வலக்காதுக்கும் கடத்தும். இருக்கிறதா என்று கேட்டால்தான் சொல்வார்கள்.

இரண்டு காதின் நான்கு மைக்குகளையும் சேர்த்து, டார்ச் வெளிச்சம் மாதிரி குறுகலான கற்றையாக்கும் புரோகிராமும் உண்டு. எதிரே ஒருவர் மட்டும் பேசுகிற இடத்துக்கு அது பிரமாதம். அதன் விலை என்னவென்றால், இரண்டு காதுக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி போவதால் எது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற உணர்வு மழுங்கிவிடும். ஒரு முறை அதை மாற்ற மறந்து லாரன்ஸ் ரோட்டில் இறங்கி நடந்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோவின் ஹாரன் வேறெங்கோ அடிப்பது போலக் கேட்டது. ஓட்டலை விட்டு வெளியே வரும்போது புரோகிராமை மாற்றுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கருவி தானாகவே மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தாலும், சூழலைக் கணித்து மாற அது சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும்.

கல்யாண மண்டபத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் தோற்றுப்போகும் இடம் அதுதான். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், உயரமான கூரை, திரைச்சீலை என்று பேருக்குக்கூட ஒன்றும் கிடையாது. ஒலியை உறிஞ்சிக்கொள்ள ஏதுமில்லாததால் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதி, பல திசையிலிருந்தும் திரும்பி வருகிறது. மேடையில் பேசுகிறவரின் குரலே உங்கள் முதுகுப் பக்கமிருந்தும் வந்தால், திசை மைக் எதைக் கழிக்கும்? பேசுகிறவரிடமிருந்து நேரடியாக வரும் ஒலி, எதிரொலியைவிட பலமாக இருக்கும் தூரம் வரைக்கும்தான் திசை மைக்குக்கு மதிப்பு. அந்தத் தூரத்தைத் தாண்டினால் எந்த புரோகிராமும் பெரிதாக உதவாது. ஒருவர் சத்தம் போட்டுப் பேச, அதைக் கேட்டுப் பக்கத்தில் உள்ளவரும் குரலை உயர்த்த, மண்டபமே படிப்படியாக உயர்ந்துகொண்டு போகும். இரைச்சலில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

கடற்கரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. புதுச்சேரி பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவதால் நடக்க நன்றாக இருக்கும். ஆனால் கடல்காற்று மைக்கின் துளையில் மோதிச் சுழன்று 'புர்ர்' என்று முழங்கும். இது இரைச்சல்தானே என்று சத்தத்துக்கான புரோகிராமைப் போட்டால் முழக்கம் இன்னும் கூடுகிறது. காரணம் அதே கழித்தல் கணக்கு. காற்றுச் சுழல் இரண்டு மைக்கிலும் வெவ்வேறு மாதிரி அடிப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் எதுவும் போகாது. போதாததற்கு, திசை மைக் இயல்பாகவே கீழ் அதிர்வெண்களை இழப்பதால் அதை ஈடுகட்டக் கருவி அந்தப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. காற்று முழங்குவது அந்தப் பகுதியில்தான். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால் எல்லாப் பக்கமும் கேட்கும் பொது புரோகிராமுக்கு வந்துவிடுகிறேன். காற்றுக் குறைப்பு என்ற தனி வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம். இருந்தும் போதவில்லை என்றால் ஒரு துண்டையோ பருத்தித் தொப்பியையோ காதின் மேல் இறக்கிவிடுங்கள், நல்ல பலன் தெரியும்.

அடுத்தது இரைச்சல் குறைப்பு. விளம்பரத்தில் முதலில் வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இது திசையைப் பார்ப்பதில்லை, ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. பேச்சு அசை அசையாக, விநாடிக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கும். மின்விசிறி, பஸ் இன்ஜின், ஏசி எல்லாம் ஒரே சீராக ஓடும். கருவி ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் சீரான ஓட்டம் மட்டும் தெரிகிறதோ அங்கே பெருக்கத்தைக் குறைக்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் மூன்று விசிறி சுழலாத வீடு ஏது? அங்கே இது பெரிய நிம்மதி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு டீசல் இன்ஜினின் உறுமலையும் ஓரளவு அடக்கும். ஆனால் அதே துறைமுகத்தில் மீன் ஏலம் தொடங்கிவிட்டால் கைவிரித்துவிடும். ஏலம் போடுகிறவரும், சுற்றி நின்று விலை கேட்கும் முப்பது பேரும் எழுப்புவது எல்லாமே பேச்சு. எது வேண்டிய பேச்சு, எது வேண்டாத பேச்சு என்று அதற்கு எப்படித் தெரியும்?

வழக்கமான இரைச்சல் குறைப்பு களைப்பைக் குறைக்கும், சொல் விளங்குவதை அதிகம் கூட்டாது. சாயங்காலம் தலை கனக்காமல் வீட்டுக்கு வருவதும் பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வை' என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரைச்சல் இருக்கும் அதே பட்டையில் பேச்சும் இருக்கிறது. அழுத்தி வைத்தால் அந்த மெல்லிய ச, க, த ஒலிகளும் சேர்ந்து அமுங்கும். அறை அமைதியாகிவிடும், சீட்டு மறுபடியும் கூட்டாகிவிடும். நான் நடுத்தரத்தில் வைத்திருக்கிறேன்.

கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் செயற்கை நரம்பு வலைக் கருவிகள் இந்த எல்லையைத் தள்ளிப் பார்க்கின்றன. ஓட்டிகான் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த 'மோர்' கருவியை 1 கோடியே 20 லட்சம் ஒலிச்சூழல்களைக் கொண்டு பழக்கியதாகச் சொல்கிறது. போனாக் நிறுவனம் 2024இல் பேச்சை இரைச்சலிலிருந்து பிரிப்பதற்கென்றே தனி சிப் வைத்த கருவியை வெளியிட்டது. ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்க்காமல், பேச்சு எப்படியிருக்கும் என்று கற்றுக்கொண்டு பிரிப்பதால் இவை பழைய முறையைவிட நிச்சயம் முன்னேற்றம். பேட்டரியை வேகமாகக் குடிக்கும், விலையும் லட்சங்களில் போகும். வாங்க முடிந்தவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் போட்டுப் பாருங்கள், கடை அறையில் அல்ல.

இனி ஒலித்தரம். நான் முதல் நாலு வருடம் கவனிக்காமல் விட்டதும், இப்போது அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். பேச்சு விளங்குவதற்காகச் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒலியின் இயல்பைக் கொஞ்சம் கெடுக்கிறது. பேச்சுக்கு அது பரவாயில்லை. நாகஸ்வரத்துக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் ஒரு நாள் நாகஸ்வரக்காரர் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து நிறுத்தினார். என் காதில் அது நடுங்கி நடுங்கி, கூடவே இன்னொரு பொய்ச் சுரத்தையும் சேர்த்துக்கொண்டு ஒலித்தது. வாத்தியத்தில் கோளாறு என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், அவருக்குச் சுத்தமாகக் கேட்டிருக்கிறது. நடந்தது இதுதான். கருவி 'கீ' என்று விசிலடிக்காமல் இருக்க, அதற்குள் ஊளை அடக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீளமாக, தூய்மையாக வரும் எந்த ஒலியையும் அது தன் விசில் என்றே சந்தேகித்து, அழிப்பதற்காக எதிர் ஒலியை உண்டாக்கும். புல்லாங்குழல், நாகஸ்வரம், சுருதிப் பெட்டி எல்லாம் அதனிடம் மாட்டிக்கொள்ளும். தம்புராவின் நிலை வேறு. அது சீராக ஒலிப்பதால் இரைச்சல் குறைப்பு அதை மின்விசிறியின் கணக்கில் சேர்த்து மெல்ல மெல்ல அமுக்கிவிடும். பாட்டு நிற்கும்போது திடீரென்று சுருதியே இல்லாதது போல இருக்கும்.

நுழைவாயிலிலேயே நடக்கும் கோளாறு ஒன்றும் உண்டு. மைக்கிலிருந்து வரும் ஒலியை எண்ணாக மாற்றும் பகுதி பல கருவிகளில் 16 பிட். அதன் வீச்சு சுமார் 96 டெசிபல். பேச்சுக்கு ஏராளம். தவிலும் நாகஸ்வரமும் பக்கத்தில் முழங்கும்போது ஒலியின் உச்சங்கள் 100 டெசிபலைத் தாண்டிப் போகும். வீச்சுக்குள் அடங்காத உச்சி வெட்டுப்பட்டுவிடும். உச்சி வெட்டுப்பட்ட ஒலி உள்ளே நுழைந்த பிறகு வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். இசைக்கலைஞர்களின் செவித்திறனைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்துவரும் கனடாவின் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மார்ஷல் சேசின் இதற்குச் சொல்லும் வழி எளிமையானது: மைக் துளையின் மேல் செலோடேப் ஒட்டி, உள்ளே போகும் ஒலியையே குறையுங்கள். நான் அதைவிட எளிதாக, தவிலிலிருந்து இருபது அடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன்.

ஆகவே நல்ல இசை புரோகிராம் என்பது பெரும்பாலும் எதையும் செய்யாமல் இருக்கும் புரோகிராம். திசை மைக் வேண்டாம். இரைச்சல் குறைப்பை அணைத்துவிடலாம், ஊளை அடக்குவதை அணைக்கவோ மிகவும் தளர்த்தவோ வேண்டும். உயர் அதிர்வெண்களைக் கீழே இறக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். பேச்சில் ச ஒலியைக் காப்பாற்றும் அந்த வசதி இசையில் சுரத்தை இடம் மாற்றிவிடும். நுண்ணொலியைத் தூக்கி, பேரொலியைத் தணிக்கும் அமுக்கத்தை மெதுவாகச் செயல்பட வைக்க வேண்டும். அமுக்கம் வேகமாக இருந்தால், மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் பாடகர் குரல் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கும். சத்தமான இடத்தில் பேச்சுக்கும் வேக அமுக்கம் கலவையான பலன்தான் தருகிறது. சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளியில் இரைச்சலைத் தூக்கி நிரப்புகிறது. வேக அமுக்கம் இளையவர்களுக்கு ஒத்துப்போகலாம். நினைவாற்றல் தளர்ந்த வயதானவர்களுக்கு மெதுவானதே சுகம் என்பது ஆய்வாளர்கள் பலரும் கண்டது. என் அனுபவமும் அதுவே.

டோம் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம். காதுக்குள் போகும் அந்தச் சின்ன ரப்பர் குடைதான் டோம். ஓட்டை வைத்த திறந்த டோம் போட்டால் நம் குரல் பானைக்குள் பேசுவது போல ஒலிக்காது, வியர்க்காது, சுகமாக இருக்கும். ஆனால் மண்டபத்தின் இரைச்சல் அந்த ஓட்டை வழியே கருவியைத் தொடாமல் நேராகச் செவிப்பறைக்குப் போய்விடும், முக்கியமாகக் கீழ் அதிர்வெண்களில். திசை மைக் எவ்வளவு நன்றாகக் கழித்தாலும், வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். மூடிய டோமோ, காது அளவெடுத்துச் செய்த மோல்டோ போட்டால் அதே புரோகிராம் வேறு கருவி மாதிரி வேலை செய்யும். திறந்த டோமில் இன்னொரு குறையும் உண்டு. நேராக நுழையும் ஒலிக்கும், கருவி கணக்குப் போட்டு 5 முதல் 8 மில்லி விநாடி தாமதமாகக் கொடுக்கும் ஒலிக்கும் இடையே மோதல் வந்து, குரலில் ஒரு உலோக வாடை அடிக்கும். வைடெக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'மொமென்ட்' கருவியில் இந்தத் தாமதத்தை அரை மில்லி விநாடிக்கும் கீழே கொண்டுவரும் ஒரு புரோகிராமை வைத்தது இதற்காகத்தான். இயல்பான ஒலி வேண்டுமென்பவர்களுக்கு அது பிடிக்கும். இழப்பு அதிகமாகி மூடிய மோல்டு போட்டவர்களுக்கு அதில் பெரிய பயனில்லை.

ஒப்பிடும்போது நான் செய்த பெரிய தவறு, சத்தம் கூடிய புரோகிராமை நல்ல புரோகிராம் என்று நம்பியது. இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே 'இதுதான் தெளிவாக இருக்கிறது' என்று மனசு சொல்லிவிடும். பல கருவிகளில் சத்தத்துக்கான புரோகிராம் வால்யூமையும் கொஞ்சம் குறைத்துத் தருகிறது. அதனால் அது மந்தமாகத் தோன்றும். முதலில் இரண்டிலும் எதிரே இருப்பவரின் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் எதில் சொல் விளங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். திசை மைக், இரைச்சல் குறைப்பு, டோம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு வந்தால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. அதோடு, மூளை புதிய ஒலிக்குப் பழக சில வாரங்கள் எடுக்கும். முதல் நாள் 'தகரம் மாதிரி இருக்கு' என்று உயர் அதிர்வெண்ணைக் குறைக்கச் சொல்பவர்கள், தங்களுக்குத் தேவையான ச ஒலியைத் தாங்களே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நானும் முதல் வருடம் அதைச் செய்தேன்.

இதற்கெல்லாம் அடிப்படை சரியாக இருக்க வேண்டும். காதுக்குள் மெல்லிய குழாய் மைக்கை வைத்து, செவிப்பறைக்கு அருகே உண்மையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. ஒவ்வொருவர் காதுத்துளையும் வேறு அளவு என்பதால் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கோடு மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகங்கள் வகுத்த 'நால் என்எல்2' என்ற கணக்கின்படி கருவியை அமைப்பவர்கள் மொழியையும் கேட்பார்கள். சீனம் போன்ற தொனி மொழிகளுக்குக் கீழ் அதிர்வெண்களில் சற்றுக் கூடுதல் பெருக்கம் வரும். தமிழ் தொனி மொழி அல்ல. தவறாக அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தால் மண்டபத்தில் முழக்கம் கூடும். ஒரு தடவை சரிபார்க்கச் சொல்வதில் தவறில்லை.

என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் எழுதி வைத்தேன். எந்த இடம், யார், எந்தப் பக்கம், எந்த புரோகிராம், எந்தச் சொல் தவறியது. 'சரியா கேக்கலம்மா' என்று பொதுவாகச் சொன்ன வருடங்களில் ஆடியாலஜிஸ்ட் வால்யூமைத்தான் கூட்டிக் கொடுத்தார். அவரும் வேறென்ன செய்வார்? இந்த முறை நோட்டை நீட்டினேன். "பந்தி, இடப்பக்கம், சீட்டு, கூட்டு" என்று படித்தவர், "சார், இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாற்றினார். இப்போது என் கருவியில் முதலாவது புரோகிராம் எல்லாப் பக்கமும் கேட்கும் பொதுவானது. இரண்டாவது எதிரே பேசுகிறவருக்கு, திசை மைக்கோடு. மூன்றாவது பந்திக்கும் பஸ்ஸுக்கும், போன் ஆப்பில் இடம், வலம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான்காவது கோயிலுக்கும் கச்சேரிக்கும். மூடிய டோம் இரண்டு ஜோடி கொடுத்து, கல்யாணத்துக்குப் போகும் அன்று மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

நம் காதில் இருக்கும் கருவியைவிடப் பெரிய உதவி காதுக்கு வெளியே இருக்கிறது என்பதையும் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பேசுகிறவரின் தூரம் இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகக் குறைந்தால் எதிரொலி இல்லாத இடத்தில் 6 டெசிபல் லாபம்; நல்ல திசை மைக் கொடுப்பதைவிட அதிகம். பேசுகிறவர் சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு, அது கம்பியில்லாமல் நேராக நம் கருவிக்கு அனுப்பினால், வாய்க்கும் மைக்குக்கும் இருபது சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதோடு ஒப்பிட்டால் 20 டெசிபல். இலவசமாகக் கிடைக்கும் கருவியிலும் விலை குறைந்த கருவியிலும் இத்தனை புரோகிராம்கள் இருக்காது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு முதல் வழி இந்தத் தூரம்தான். சுவருக்கு முதுகு கொடுக்காமல், கூட்டத்துக்கு முதுகு கொடுத்து, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். உதட்டைப் பார்த்தால் 'சீ'யும் 'கூ'வும் எவ்வளவு வேறு என்று தெரியும்: ஒன்றில் உதடு விரியும், மற்றொன்றில் குவியும்.

தையில் மறுபடியும் திருவந்திபுரம், சகலை வீட்டுக் கல்யாணம். மூடிய டோம், மூன்றாவது புரோகிராம், ஆப்பில் இடம். பந்தியில் போய் உட்கார்ந்ததும் அவரை எழுப்பி எனக்கு எதிர் வரிசையில் உட்காரச் சொல்லலாமா என்று நினைத்தேன், நடுவில் பரிமாறுகிறவர்கள் நடக்க வேண்டும், சரிவராது. வழக்கம் போல இடப்பக்கமே உட்கார்ந்தார். அவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் இலையிலிருந்து தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். பேத்தி விடுதியில் சாப்பாடு எப்படி என்று கேட்டார், பாயசம் வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.